பையன் விஷயமா வந்தோம்

சைக்கிளில் வெளியூர் போகிறவர்கள் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இப்போது போனில் வீடியோ வீடியோவாகச் சொல்கிறார்கள். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே ஒருவர் பேசுகிறார். நானும் அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். பஞ்சர் கிட் சொல்கிறார்கள், மாற்று டியூப் சொல்கிறார்கள், பேரீச்சம்பழம்கூடச் சொல்கிறார்கள். முதலில் எடுத்து வைக்க வேண்டிய சாமானை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. நல்ல பொய்யாக ஒன்று.

அந்தச் சாமான் இல்லாமல் வண்டியை எடுக்காதவள் மானாம்பதியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் யாராவது படித்துக் காட்டுவார்கள், உடனே போன் வரும், நான் அவ்வளவு குண்டாகவா இருந்தேன் என்று கேட்பாள். நான் இன்னும் எழுதவே இல்லை. ஆனால் குண்டுதான்.

அவளுடைய சைக்கிள் அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். மகள் கல்லூரிக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அது மாட்டுக் கொட்டகையில் ஓரமாக நின்றது. முன்கூடையில் கோழி ஏறி முட்டை வைத்தது. ஒருநாள் காலையில் அக்கா கோழியை இறக்கிவிட்டுத் தான் ஏறிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். என்னிடம் இருந்தது என் நாத்தனாருடைய இலவச சைக்கிள். அவள் கல்யாணமாகிப் போகும்போது பீரோவை எடுத்துக்கொண்டு போனாள், சைக்கிளை விட்டுவிட்டாள். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். நாளெல்லாம் மெஷினை மிதிக்கிற காலுக்கு சைக்கிள் பெரிய விஷயமா என்று நினைத்துக் கிளம்பினேன். பெரிய விஷயம்தான். முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை.

அக்காவைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருக்கும்போது அவள் பொய் பேசி நான் கேட்டதில்லை. மாமியார் வைத்த குழம்பை மாமியாரிடமே நன்றாக இல்லை என்று சொல்வாள். பால் சொசைட்டியில் கேனை வைக்கும்போதே, இன்னைக்குக் கழுவின தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டது என்று தானாகச் சொல்வாள். தெருவில் அவளிடம் யாரும் புதுப் புடவையைக் காட்டிக் கருத்துக் கேட்பதில்லை. அப்படிப்பட்டவள் ஊர்க்கோடி புளியமரத்தைத் தாண்டி மிதித்தால் வேறு மனுஷி. அதற்கு அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு உண்மையை வாங்க முடியாது.

அப்படி ஆனதற்குக் காரணம் எங்கள் முதல் பயணம். பழையசீவரம் மலைக் கோயில் வரைக்கும் போய்வரலாம் என்று கிளம்பினோம். போகும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எங்கேம்மா போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். சும்மாதான், சைக்கிளில் ஊர் பார்க்கப் போகிறோம் என்று அக்கா உண்மையைச் சொன்னாள். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மா எங்களை பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு பன்னீர் சோடா கொடுத்து, எந்த வீட்டில்தான் சண்டை இல்லை, பிள்ளைகள் முகத்தை நினைத்துப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வீட்டில் கோபித்துக்கொண்டு ஆற்றில் விழப் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாலாற்றில் அந்த வருஷம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குதித்திருந்தால் முழங்காலில் சிராய்ப்புதான் மிச்சம்.

எவ்வளவு சொல்லியும் விடவில்லை. போன் நம்பரை வாங்கி அக்காவின் வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். நடவு வயலில் இருந்த மனுஷன் சேற்றுக் காலோடு மொபெட்டில் வந்து சேர்ந்தார். அவருக்கும் ஒரு பன்னீர் சோடா கொடுத்து, பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அக்காவின் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அடுத்த தபா ஏதாவது ஒரு காரணம் சொல்லிட்டுப் போ. என்னால இன்னொரு தபா இந்த ஆளாண்ட பாடம் கேக்க முடியாது."

திரும்பும்போது அக்கா யோசித்துக்கொண்டே மிதித்தாள். ஆம்பளை சைக்கிளை எடுத்தால் எங்கே என்று கேட்கிறார்கள், பொம்பளை எடுத்தால் ஏன் என்று கேட்கிறார்கள், எங்கே என்றால் ஊர் பெயர் சொல்லலாம், ஏன் என்றால் என்னத்தைச் சொல்வது என்றாள். அன்றோடு சரி. அப்புறம் நாங்கள் காரணம் இல்லாமல் எங்கும் போகவில்லை.

முதலில் எடுத்த பொய் வேண்டுதல். குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டு மலைக் கோயிலுக்கு சைக்கிளிலேயே போகிறோம் என்று சொல்வாள். அருமையான பொய். யாரும் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மோர் கிடைக்கும், நிழலில் கட்டில் போடுவார்கள். ஆனால் அக்கா ஒன்றை யோசிக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஊரே தன் பங்கையும் கொடுத்தனுப்பும். ஒரு வீட்டில் சூடம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுத் தேங்காய் கொடுத்தார்கள். அது தெரு முழுக்கப் பரவி, கடைசியில் இரண்டு கூடையும் தேங்காயால் நிரம்பிவிட்டது. ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தேங்காய் போகிற பக்கம்தான் போனது. அன்றைக்கு எங்கள் திட்டம் ஏரிக்கரை மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. பேசாமல் தேங்காயை வீட்டுக்கு எடுத்துப் போய் சட்னி அரைக்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள். பொய் சொல்வது வேறு, சாமிக்குக் கொடுத்ததைத் தின்பது வேறு என்றாள். கொளுத்துகிற வெயிலில் அத்தனை தேங்காயையும் சுமந்துகொண்டு மலை ஏறி, யார் யார் பெயருக்கு எந்தக் காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி உடைக்க வைத்தாள். அர்ச்சகருக்குக் கை வலித்துவிட்டது. அதோடு வேண்டுதல் பொய்யைக் கைவிட்டோம்.

பொய் ஒன்றுதான் அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. சைக்கிளை அவள் நன்றாகப் படித்து வைத்திருந்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் காலையில் கிளம்புவாள். எதிர்காற்றைத் தெம்பு இருக்கும்போதே மிதித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும் என்பது அவள் கணக்கு. புடவைக் கொசுவத்தை முழங்கால் வரைக்கும் தூக்கித் துணி உலர்த்துகிற கிளிப் போட்டுக்கொள்வாள். செயின் கவர் இருக்கிறதே என்று நம்பாதே, அது புடவையைத் தின்பதற்கென்றே வைத்தது என்பாள். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ, நெல்லை மிதிக்காதவளுக்கு அந்த ஊரில் தண்ணீர் தானாக வரும் என்பாள். வரவும் வரும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக் கூடாது, இறங்கி நின்று குனிய வேண்டும். கல் எடுக்க வேண்டியதில்லை, குனிந்தால் போதும். நாயிடம்கூடப் பொய்தான்.

கருவேல முள்ளுக்கு மட்டும் அவளிடம் பொய் இல்லை. அதற்குப் பஞ்சர் பசையும் உப்புக் காகிதமும் வைத்திருந்தாள். ரோட்டோரம் கால் நீட்டி உட்கார்ந்து, டியூபைக் கன்னத்தருகே வைத்துக் காற்று கசிகிற இடத்தைக் கண்டுபிடிப்பாள். அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இனி அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் விசாரிப்பது என்று ஒன்று உண்டு. பெண் வீட்டார் பையனுடைய ஊருக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். அவர்கள் பையன் வீட்டுக்குப் போகாமல் எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். வந்தவர்களை நீங்கள் எந்த ஊர், எந்த வீட்டுப் பையனுக்காக வந்தீர்கள் என்று நேராகக் கேட்பது மரியாதை இல்லை. அவர்களும் சொல்ல மாட்டார்கள். அக்கா இதைக் கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊர் பெயர் சொல்ல வேண்டாம், காரணம் விளக்க வேண்டாம், காபி நிச்சயம். இதைவிட வேறென்ன வேண்டும் என்றாள்.

பெருநகர் பக்கம் செய்யாற்றை ஒட்டி ஒரு ஊர். அந்த ஊர் பெயரும் வேண்டாம், அந்தப் பையன் இப்போது குடும்பஸ்தன். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் அக்காவின் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. இரண்டு பேர் வந்து நின்றார்கள், அப்புறம் நாலு பேர் வந்தார்கள். என்னம்மா சமாசாரம் என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு பையன் விஷயமா வந்தோம்" என்றாள்.

அவ்வளவுதான். நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இளநீர் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. அக்கா மறந்துபோனது என்னவென்றால், எந்தப் பையன் என்று கேட்காத ஊரில் கல்யாணமாகாத பையன் இருக்கிற ஒவ்வொரு வீடும் தன் பையன்தான் என்று நினைத்துக்கொள்ளும். இளநீர் கொண்டுவந்தவள் முறுக்கு கொண்டுவந்த வீட்டுப் பையனைப் பற்றி, தங்கமான பையன், பொழுது சாய்ந்தால் மட்டும் அவனிடம் பேச்சுக் கொடுக்க முடியாது என்றாள். முறுக்கு கொண்டுவந்தவள் இளநீர் வீட்டுப் பையனுக்கு முன்பல் இரண்டு கட்டினது என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முறுக்கை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வீட்டிலிருந்து ஒல்லியாக, உயரமாக ஓர் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நேராக எங்களிடம் வந்து, செயினை எம் புள்ள போட்டுக் கொடுப்பான், வாங்க என்றாள். தன் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவிலேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். புதுத் தம்ளரில் காபி கொடுத்தாள். மகனை உள்ளே அனுப்பி சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். அவன் வந்து செயினைக் கழற்றி, அறுந்த கண்ணியை எடுத்துவிட்டுக் கோத்துக் கொடுத்தான்.  கடைசியில் வணக்கம் சொல்லக் கையைக் கூப்ப வந்து, கையெல்லாம் மசி என்று பார்த்து, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அந்த அம்மா எங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"முப்பத்தி நாலு ஆவுது. கம்பெனில வேல செய்றான், இன்னும் பர்மனென்ட் ஆவல. அத வெச்சே வர்றவங்க எல்லாம் தட்டிக் கழிச்சிட்டாங்க. இப்ப வர்றதுக்கும் ஆள் இல்ல. குடி கெடையாது, பீடி கெடையாது. வேல முடிஞ்சி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுறான். வேற இன்னா வோணும்மா?"

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அக்கா தலையாட்டினாள். மிச்சக் காபியைக் குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தாள்.

கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரி எங்களை நிறுத்தினாள். முறத்தில் அரிசி புடைத்தபடி அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவள். நாங்கள் கேட்காமலே, பையன் நல்ல பையன்தான், கம்பெனி வேலைதான் எப்போது என்ன ஆகும் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

அதற்கு அப்புறம் அக்கா சைக்கிளைத் தொடவில்லை. கூடையில் கோழி மறுபடியும் ஏறிக்கொண்டது. அந்த அம்மா தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். சொந்தத்தில் யாராவது பெண் இருக்கிறதா என்று அவளே போன் போட்டுத் தேடினாள். எல்லாரும் கேட்டது பர்மனென்டா என்றுதான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. ஊரையே ஏய்க்கிறவள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தவளுக்கு, ஒரு அம்மாவின் ஆசையை ஏய்த்ததைத் தாங்க முடியவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இன்னும் பிடித்துப் போனது.

ஒரு நாள் கிளம்பு என்றாள். போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அடிப்பார்கள் என்று நான் சொன்னேன். அடிக்கட்டும் என்றாள். அன்றைக்கு வழியெல்லாம் எதிர்காற்று, அவளுடைய கணக்குப்படி சரிதான், மிதிக்கத் தெம்புதான் இல்லை.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஸ்டாண்டுகூடப் போடாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நாங்க பொண்ணு வூட்டுக்காரங்க இல்ல. அன்னிக்கு சொன்னது பொய். நாங்க சும்மா சைக்கிள்ல சுத்திக்கினு வந்தவங்க. எங்கள மன்னிச்சிக்கோ."

அந்த அம்மா உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"அது அன்னிக்கே தெரியுமே. பொண்ணு வூட்டுக்காரங்க யாரு சைக்கிள்ல வருவாங்க? வேர்த்து ஊத்திக்கினு, பொடவைல துணி கிளிப்பு மாட்டிக்கினு."

பிறகு ஏன் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தாய் என்று அக்கா கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, என் பிள்ளையைக் கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியட்டும் என்றுதான் நாற்காலியை உள்ளே போடாமல் வெளியே போட்டேன் என்றாள் அந்த அம்மா. ஒருத்தர் வந்து கேட்டால்தான் இன்னொருத்தருக்குக் கேட்கத் தோன்றும், நாலைந்து வருஷமாக அந்த ஒருத்தரே வரவில்லை என்றாள். உரிக்காத காராமணியை எங்கள் கூடையில் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"அடுத்த தபா நாலு பேரா வாங்க. பட்டுப் பொடவை கட்டிக்கினு வாங்க. எங்க வூட்டுக்கு வராதீங்க, எதிர் வூட்ல போய் விசாரிங்க."

திரும்பி வரும்போது அக்கா முகம் தொங்கிப்போயிருந்தது. பொய் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட்டவள், இப்போது அது எடுபடவே இல்லையே என்று வருத்தப்பட்டாள். சைக்கிளில் வந்ததுதான் தப்பு, அதை நான் யோசித்திருக்க வேண்டும் என்று ஊர் எல்லை வரைக்கும் புலம்பினாள். ஆனால் மிதி வேகமாக இருந்தது. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகாமல் இந்தக் காலுக்கு ஓய்வு கிடையாது என்றாள்.

நாலு பேர் சேர்ந்தோம். நான், அக்கா, அவள் நாத்தனார், பால் சொசைட்டியில் பால் அளக்கிற ஒரு அம்மா. பட்டுப் புடவையை மடித்து, மேலே பிளாஸ்டிக் பை சுற்றிக் கூடையில் வைத்தோம். அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வயலில் ஒரு பம்ப் செட் கொட்டகை இருந்தது. அதன் பின்னால் சைக்கிள்களைச் சாத்திவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டோம். மிதித்த களைப்பு தெரியாமல் இருக்க அக்கா எல்லாருக்கும் பவுடர் அப்பினாள். அளவு தெரியாமல் அப்பிவிட்டாள். பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் மாதிரி நடந்து ஊருக்குள் போனோம்.

எதிர்வீட்டுக்காரி எங்களை உட்கார வைத்தாள். அன்று அக்கா சொன்ன பொய்யை இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது, அவ்வளவு நீளம். தன் தங்கைக்கு நர்ஸ் படித்த மகள் ஒருத்தி என்றாள். ஒரே பெண். போட்டோவைப் பார்த்துப் பையனைப் பிடித்துவிட்டது. கம்பெனி வேலை பர்மனென்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும் கவலையில்லை, பெண்ணுக்கு நிலம் இருக்கிறது என்றாள். அக்காவின் நாத்தனார் அந்த நிலத்தில் போர்வெல் இருப்பதையும் சேர்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி பையனைப் பற்றி இந்த முறை ஒரு குறையும் சொல்லவில்லை. நிஜமாகவே கொடுக்கப் போகிறீர்களா என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

அந்த மாதம் முடிவதற்குள் பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பெண் முடிவாகிவிட்டது. பெண் யார் என்றால் எதிர்வீட்டுக்காரியின் அக்கா மகள். முன்பு பையன் வீட்டார் கேட்டபோது, பர்மனென்ட் இல்லை என்று தர மறுத்த அதே பெண். அந்த அம்மா குறி பார்த்துத்தான் எங்களை எதிர்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அக்கா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைவிடப் பெரிய ஆளாக இருக்கிறாளே என்றாள்.

ஆவணியில் கல்யாணம். நாங்கள் பஸ்ஸில் போனோம். மணமேடையில் அந்தப் பையன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டான், அன்றைக்குக் கை சுத்தமாக இருந்தது. அவன் அம்மா எங்களை யாரோ மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் எதிர்வீட்டுக்காரி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத்தான் ஏமாற்றமாகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றினாள். நர்ஸ் பெண்ணுக்கு நானே நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறேன், நீங்கள் எந்த ஊர் என்று அவள் கேட்டாள். வாயில் பாயசத்தோடு இருந்த அக்கா ஏமாந்துபோய் மானாம்பதி என்று சொல்லிவிட்டாள்.

அந்த எதிர்வீட்டுக்காரி சொன்னபடியே வந்துவிட்டாள். ஒரு காலையில் நான் ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, ஊரில் அடையாளம் சொல்லிக் கேட்டு வந்து என் வாசலில் நின்றாள். எதிர்வீட்டில்தானே விசாரிக்க வேண்டும், அந்த எதிர்வீடு நான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். நர்ஸ் படித்த பெண் எந்த வீடு என்று கேட்டாள்.  அந்தப் பையனுடையது புதிதாகக் கல்யாணமான வீடு. எங்கள் பொய் தெரிந்தால் பெண் வீட்டார் போய் அந்த அம்மாவிடம் சண்டை பிடிப்பார்கள், நடுவில் அந்தப் பையன் கிடந்து தவிப்பான். ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். சொந்தத் தெருவில் அவளுக்குப் பொய் வராது. எனக்குத் தெரியும், அவளும் முயற்சி செய்யவில்லை.

"அப்படி ஒரு பொண்ணே இல்லம்மா. எனக்குத் தங்கச்சியே கெடையாது. எல்லாம் நான் சொன்ன பொய். அந்த வூட்டு மேல கோவப்படாத, என்னிய எது வோணா கேளு."

எதிர்வீட்டுக்காரி மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"நீங்க பொடவை மாத்துனீங்களே ஒரு பம்ப் செட்டு, அது எங்க வூட்டுக்காரரோடது. மோட்டார் போடப் போனவரு நாலு சைக்கிள் நிக்குதுன்னு வந்து சொன்னாரு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெரிந்துமா பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். பெண்ணுக்கு முதலிலிருந்தே அவன்மேல்தான் மனசு, வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றது பெண்ணின் அப்பா, என் அக்கா வீட்டுக்காரர் ஒருத்தர்தான் என்றாள் அவள். நர்ஸ் படித்த பெண் வீட்டார் பட்டுப் புடவையோடு வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள், போர்வெல் வைத்த நிலத்தோடு கொடுக்கப் போகிறார்களாம் என்று அன்றே ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். மனுஷன் பதறிப்போய் மறுநாளே பேச வந்துவிட்டாராம். இன்றைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாதாம். ஆக, அத்தனை பாடுபட்டு நாலு பேர் சொன்ன பொய்யை உலகத்தில் நம்பினவர் அவர் ஒருத்தர்.

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு நூல் சிக்கிக்கொண்டது. சிரித்து முடித்ததும், எல்லாம் தெரிந்தும் இல்லாத பெண்ணை விசாரிக்க இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று அக்கா கேட்டாள். அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் நின்ற சைக்கிளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எங்கள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எம் பொண்ணு சைக்கிளும் ஒண்ணு வூட்ல நின்னுக்கினு கீது. அடுத்து எந்த ஊருக்குப் பையன் விஷயமா போறீங்க?"